கால் மெஷினில் போடும் பூவேலையும் கைவேலையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைப் பயிற்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். வீட்டிலிருந்தபடியே பெண்கள் நாலு காசு சம்பாதிக்க வழி சொல்லும் அந்தக் கட்டுரையின் நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மெஷினில் போடுகிற எம்பிராய்டரியில் கைவேலையின் உயிர் இருக்காது, அது பொத்தானை அழுத்தினால் தானாக வந்துவிடும் என்ற பொருளில் அதில் போகிற போக்கில் ஒரு வரி சொல்லப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து, அதில் பெரும்பகுதியைக் கால் மெஷினில் பூவேலை சொல்லிக்கொடுப்பதிலேயே கழித்தவள் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

குழப்பம் பெயரில்தான் தொடங்குகிறது. மெஷின் எம்பிராய்டரி என்ற ஒரே பெயரைச் சொல்லி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சில வேலைகளை நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் படத்தை ஒருவர் கணினியில் தையலாக மாற்றிக் கொடுக்கிறார். அதற்குத் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். பிறகு, வரிசையாகப் பல தலைகள் கொண்ட இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் என்ற கணக்கில் அதைத் துணியில் இறக்கிவிடுகிறது. நூல் அறுந்தால் கோத்துவிடவும், துணியை மாற்றி மாட்டவும் ஆள் நின்றால் போதும். இப்போது கடைகளில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் வீட்டு மெஷின்கள் வேறு வகை. அவற்றில் ஒரு குமிழைத் திருப்பினால் அலை, இலை, சிப்பி விளிம்பு என்று ஏதேனும் ஓர் அலங்காரத் தையல் வரிசையாக விழும். தைப்பவர் துணியை நேராக ஓட்டினால் போதும். குழந்தைகளின் ஃபிராக் ஓரத்துக்கும் தலையணை உறைக்கும் அது அழகாகவே இருக்கும், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குச் சீராக வந்ததோ, தவணையில் வாங்கியதோ, அரசு கொடுத்ததோ, நேர்த்தையல் தவிர வேறொன்றும் அறியாத சாதாரணக் கறுப்புத் தலை மெஷினில், வளையத்தில் மாட்டிய துணியை இரண்டு கைகளாலும் நகர்த்தி நகர்த்திப் பூவும் கொடியும் போடுகிற வேலை அது. நான் பேசுவது இதைப் பற்றித்தான்.

இதில் எந்தப் பொத்தானும் கிடையாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குப் புரியவைக்க, வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் வைத்துக் காட்டுவது நல்லது. சாதாரணமாகத் தைக்கும்போது ஊசிக்குக் கீழே இருக்கும் பல் துணியைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறது, மேலே இருக்கும் பாதம் துணியை அமுக்கிப் பிடிக்கிறது. தையல் நேராகவும் ஒரே நீளத்திலும் விழுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். பூவேலைக்கு உட்காருகிறவள் முதல் காரியமாகப் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கீழே இறக்கிவிடுகிறாள். அதோடு மெஷினுக்கு இருந்த அறிவு முழுவதும் போய்விடுகிறது. ஊசி அதே இடத்தில் ஏறி இறங்குவது ஒன்றைத்தான் அது இனிச் செய்யும். தையல் எந்தப் பக்கம் போக வேண்டும், எத்தனை நீளம் இருக்க வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே அடர வேண்டும் என்பதெல்லாம் இனிமேல் அவள் கைக்கும் காலுக்கும் இடையே உள்ள கணக்கு. கால் வேகமாகி கை மெதுவானால் தையல் பொடிப்பொடியாகக் குவிந்து முண்டும் முடிச்சுமாகும். கை வேகமாகி கால் மெதுவானால் நீளநீளமாக இழுத்து ஊசியே முறியும். பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் அடியில் காகிதத்தை நகர்த்தி உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள் என்று முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன். எழுதிப் பார்த்த எவரும் அதற்குப் பிறகு மெஷின் வேலையை இளக்காரமாகப் பேசியதில்லை.

துணியை வளையத்தில் மாட்டுவதே தனிப் பாடம். கை எம்பிராய்டரியில் துணி வளையத்தின் மேல்பக்கம் இருக்கும். மெஷினுக்கு அதைத் தலைகீழாக, துணி அடியில் மெஷின் பலகையோடு ஒட்டியிருக்கும்படி மாட்ட வேண்டும். விரலால் தட்டினால் சின்னப் பறைபோல ஒலிக்கும் அளவுக்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்திருந்தால் ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பித் தையல் விட்டுப்போகும். துணி நழுவாமல் இருக்க உள்வளையத்தில் நாடாவைச் சுற்றிக்கொள்வோம். பிறகு, மெஷினுக்கு அடியில் உள்ள சிறு கண்டான பாபினில் சுற்றிய அடிநூலை, கையால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி மேலே எடுத்து, இரண்டு நூல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் மூன்று தையல் போட்டு, மிச்ச நூலை வெட்டிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் புதிதாகக் கற்கிற எல்லோரும், விதிவிலக்கே இல்லாமல், ஒரு தவறு செய்வார்கள். பாதத்தைத்தான் கழற்றிவிட்டோமே என்று அதைத் தூக்கி இறக்கும் நெம்பை மேலேயே விட்டுவிடுவார்கள். அந்த நெம்பைக் கீழே இறக்கினால்தான் மேல்நூலின் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாலு தையல் விழுவதற்குள் துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கிக்கொள்ளும். மெஷின் கெட்டுப்போய்விட்டது டீச்சர் என்று அழாத குறையாக வந்து நிற்பார்கள். மெஷின் எம்பிராய்டரி எனக்கு வராது என்று சொல்லும் பெண்களில் பலர், இந்த நெம்பு ஒன்றாலேயே முதல் நாளோடு விட்டவர்கள் என்பது என் அனுபவம்.

கற்றுத் தேறியவள் கையில் அதே மெஷின் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எல்லை சொல்வது கடினம். வளையத்தைப் பொடிப்பொடி வட்டமாகச் சுற்றினால் மணல் தூவியது போன்ற கிரானைட் தையல் வரும். இடம் வலமாக நெருக்கி ஆட்டினால் சாட்டின் நிரப்பு வரும். நீளமும் குட்டையுமாகக் கலந்து ஆட்டினால் இதழின் அடியில் அடர் சிவப்பு தொடங்கி நுனியில் வெளிர் ரோஜாவாக முடியும் நிழல் விழும். ஜரிகை நூலை ஊசிக்காதில் கோத்தால் உரிந்துபோகும் என்பதால், அதைப் பாபினில் சுற்றி, பாபின் கேஸின் திருகைச் சற்றுத் தளர்த்தி, துணியின் பின்பக்கத்தை மேலே வைத்துத் தைப்போம். தைக்கிறவள் கண்ணுக்குச் சாதாரண நூல்தான் தெரியும், திருப்பினால் மறுபக்கத்தில் ஜரிகைக் கொடி ஓடியிருக்கும். என் மனத்துக்கு மிக நெருக்கமானது கட் வொர்க். பூவின் கோட்டைச் சுற்றி இரண்டு வரிசை ஓட்டம் போட்டு, உள்ளே இருக்கும் துணியைச் சிறு கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெஷினை ஓட்டுவோம். அடியில் துணியே கிடையாது. மேல்நூலும் பாபின் நூலும் வெட்டவெளியில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பாலம் கட்டும். அந்தப் பாலத்தின் மேல் திரும்ப நெருக்கமாக ஆட்டினால் கம்பிபோல உறுதியாகும். முதன்முதலில் இதைப் பார்க்கிற பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எனக்கும் அது சலித்ததில்லை.

இனி, இது கைவேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்கோ சின்னாளப்பட்டிக்கோ போனால் போதும். கைத்தறி என்று நாம் போற்றுவதும் ஓர் இயந்திரம்தான். அதற்கும் மிதி உண்டு, சட்டம் உண்டு, ஊடிழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா உண்டு. நெசவாளர் காலால் மிதிக்கிறார், கையால் இயக்குகிறார். ஆனாலும் அவர் நெய்த சேலையைக் கைவேலை இல்லை என்று சொல்லும் துணிவு நம்மில் யாருக்கும் வராது. விசைத்தறியையும் கைத்தறியையும் வேறுபடுத்தி, சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்க 1985இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கிறது. தறியில் நாம் அவ்வளவு தெளிவாகக் கண்டுகொண்ட வேறுபாட்டைத் தையல் மெஷினில் மட்டும் காண மறுப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. கால் மெஷின் பூவேலைக்கும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கும் உள்ள தூரம், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள தூரத்தைவிடக் கூடுதலே தவிரக் குறைவில்லை. மோட்டார் மாட்டிய மெஷினில் போட்டால் என்ன சொல்வீர்கள் என்று என் பழைய மாணவி ஒருத்தி மடக்கினாள். தறி உவமை அந்த இடத்தில் சற்று இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மோட்டார் காலின் சிரமத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, வளையத்தை நகர்த்தும் கை இன்னும் அவளுடையதே; ஆகவே அதுவும் கைவேலை என்பதே என் கட்சி.

ஆரியை உயர்த்தி மெஷினைத் தாழ்த்துகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஆரி ஊசி என்பது நுனியில் சிறு கொக்கி உள்ள ஊசி; குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சி சமூகத்தினரின் கையில் அது மிக நேர்த்தியான கலையானது. விறைப்பாகக் கட்டிய துணியில் இப்படிக் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் முறை 18ஆம் நூற்றாண்டில் கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. விறைத்த துணி முரசுபோல இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முரசைக் குறிக்கும் தம்பூர் என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். அந்தக் கொக்கி ஊசி வேலையைப் பார்த்த பார்த்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர், அதையே ஒரு மரச் சட்டத்தில் பொருத்தி ஓடவைத்து 1830இல் காப்புரிமை பெற்றார். உலகில் முதன்முதலாகத் தொழிலில் பயன்பட்ட தையல் மெஷின்களில் அது ஒன்று. அது போட்டதும் சங்கிலித் தையலே. பாரிஸில் ராணுவச் சீருடை தைப்பதற்காக அவர் அமைத்த பட்டறையில் இருந்த சுமார் 80 மெஷின்களை, தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினார்கள். திமோனியே 1857இல் வறுமையில் இறந்துபோனார். ஆரி ஊசிக்கும் தையல் மெஷினுக்கும் பகை கற்பிப்பவர்கள், இரண்டுக்கும் இருக்கும் இந்த உறவையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையை விட்டுத் தையல் முழுக்க இயந்திரத்துக்குப் போன கதை வேறு வழியில் நடந்தது. 1828இல் பிரான்சின் முலூஸ் நகரில் ஜோஸ்வே எயில்மன் பல ஊசிகள் ஒரே நேரத்தில் தைக்கும் எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார்; 1863இல் சுவிட்சர்லாந்தின் இசாக் குரோப்லி, தையல் மெஷினைப் போலவே இரண்டு நூல்களில் இயங்கும் ஷிஃப்லி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதில் அடிநூலைக் கொண்டுபோகும் நாடா சிறு படகின் வடிவில் இருந்ததால் சின்னப் படகு என்று பொருள்படும் அந்தப் பெயர் வந்தது. இன்றைய கம்ப்யூட்டர் மெஷின் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. வீட்டு மெஷினில் வளையம் வைத்துப் போடும் வேலையோ, சிங்கர் நிறுவனம் தன் மெஷினை விற்பதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்து வளர்த்தது.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் பனியனின் நெஞ்சில் ஒரே சின்னத்தைப் பத்தாயிரம் முறை கையால் போடுவது மனிதர் செய்யும் வேலை அல்ல. பஞ்சிங் செய்பவரும் கலைஞரே. எந்தத் தையல் எந்தச் சாய்வில் விழ வேண்டும், துணி எவ்வளவு சுருங்கும் என்றெல்லாம் அவர் முன்கூட்டியே யோசித்தால்தான் பூ பூவாக வரும். நான் மறுப்பது, அந்த வேலையைக் கைவேலை என்று சொல்லி விற்பதை. சென்ற ஆண்டு என் தங்கை மகளின் வளைகாப்புக்காகப் பட்டுச் சேலைக்கு ரவிக்கை எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். ஹேண்ட் ஒர்க் என்று சீட்டு ஒட்டி, அதற்கேற்ற விலையும் போட்டிருந்தார்கள். நான் ரவிக்கைத் துணியை உட்புறமாகத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் மெஷினில் துணி இழுபடாமல் இருக்க அடியில் வைக்கும் காகிதம் அது. விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் கேட்டேன். கையால்தான் மேடம் மெஷின்ல மாட்டுவாங்க என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க, துணியைத் திருப்பிப் பார்க்கப் பழகினால் போதும். முன்பக்கம் எல்லா வேலையும் மினுக்கும், உண்மை பின்பக்கத்தில் இருக்கும். ஆரி வேலையில் முன்னால் சங்கிலியும் பின்னால் ஒற்றை வரி ஓட்டத் தையலும் தெரியும். ஊசியால் போட்ட கைவேலையில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவியிருக்கும், முடிச்சுகளும் இருக்கும். கம்ப்யூட்டர் வேலையில் பின்பக்கக் காகிதமோ அதைக் கிழித்த மிச்சமோ இருக்கும்; சாட்டின் பட்டைகளின் நடுவில் வெள்ளைப் பாபின் நூல் ஒரே அகலத்தில் கோடு பிடித்தாற்போல ஓடும்; பத்துப் பூ இருந்தால் பத்தும் ஓர் இழை பிசகாமல் ஒன்றுபோல் இருக்கும். கால் மெஷின் வேலையில் அடிநூல் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தெரியும், எந்த இரண்டு இலையும் ஒன்றுபோல் இருக்காது. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிக்கன் என்று பெயர் பெற்ற லக்னோ நகரத்துக் கைப் பூவேலைக்கு அதற்கு முன்பே, 2008இல் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் சிக்கன் என்ற பெயரில் இயந்திர நகல்கள் கடைதோறும் தொங்குகின்றன. குறியீடு பெற்ற கலைக்கே அந்த நிலை என்றால், பெயர்கூட ஒழுங்காக இல்லாத கால் மெஷின் பூவேலையை யார் கேட்கப் போகிறார்கள்?

அடுத்து, பயிற்சி. மத்திய அரசின் பாடத்திட்டத்தின்படி தொழிற்பயிற்சி நிலையங்களில் எம்பிராய்டரிக்கென்றே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அதில் கை, மெஷின், கம்ப்யூட்டர் என்று எல்லா வகையும் வருகின்றன. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்று மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண் அங்கே போய்ச் சேர முடியாது. அவள் போவது தெருமுனையில் நடக்கும் மூன்று மாத வகுப்புக்கு. நான் பார்த்த அளவில் அத்தகைய வகுப்புகளில் பாவாடை, ரவிக்கை, சுடிதார் வெட்டுவது ஒரு பக்கம், ஆரி வகுப்பு மறுபக்கம் என்று இருக்கிறதே தவிர, அவள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மெஷினில் பூவேலை போடச் சொல்லிக்கொடுப்பவர் அருகிவிட்டார். ஆரிக்குப் பெரிய சட்டம் வேண்டும், அதை விரிக்க இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் குழந்தை கால் படாமல் அதை எங்கே வைப்பது? மெஷினோ ஏற்கெனவே சன்னலோரம் நிற்கிறது. புதிதாகத் தேவைப்படுவது ஒரு வளையம், கொஞ்சம் பளபளப்பு நூல், 11ஆம் எண் ஊசி சில, படம் எடுக்கப் பட்டர் பேப்பர். அந்தப் பேப்பரில் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைத் துணிப் பொதியால் தேய்த்தால் ஒரு படத்தை நூறு துணிக்கு இறக்கலாம்.

நம் மாநிலத்தில் சமூக நலத்துறையின் மூலம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் என்று உண்மையிலேயே தேவையுள்ளவர்களுக்கு மெஷின் போய்ச் சேருகிறது. அதன் அருமையை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். என் பக்கத்துத் தெருவில் அப்படி மெஷின் பெற்ற ஒரு பெண் இருக்கிறாள். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பது என்று ஆறு ஆண்டுகளாக அதையே செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து, அடியில் இருந்த சிறு திருகைக் காட்டி, இது எதற்கென்று தெரியுமா என்று கேட்டேன். எண்ணெய் விடுகிற இடம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் பல்லை இறக்குவதற்கென்றே, பூவேலைக்கும் கிழிசல் இழையோட்டுவதற்கும் பயன்படும்படி, இப்படி ஒரு திருகை வைத்திருக்கிறார்கள். அந்தத் திருகைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, பழைய வேட்டித் துண்டு ஒன்றை வளையத்தில் மாட்டி அவளை உட்காரவைத்தேன். முதல் வாரம் முழுக்கக் கோணல் கோடுகள்தாம். மூன்றாவது வாரம் மாவிலை ஒன்று வந்தது, நரம்புகூட இருந்தது. இப்போது தொட்டில் குழந்தைகளின் சட்டைக்கும், சுடிதார் கழுத்துக்கும், கைக்குட்டை மூலைக்கும் அவள் போட்டுக்கொடுக்கிறாள். முழுநாள் ஃபால்ஸ் அடித்துக் கிடைத்ததை அரைநாளில் எடுத்துவிடுகிறேன் டீச்சர் என்று சொல்கிறாள். எத்தனை வீடுகளில் அந்தத் திருகு தொடப்படாமல் துருப்பிடித்துக் கிடக்கிறதோ என்ற ஆதங்கம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. பாதம் இல்லாத ஊசிக்குப் பக்கத்திலேயே விரல்கள் ஓடுவதால், கவனம் சிதறினால் ஊசி நகத்தில் ஏறிவிடும். என் இடது ஆட்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மணி நேரம் குனிந்திருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி இல்லாமல் கறுப்புத் துணியில் போடவே முடியாது. கல்யாண ரவிக்கையில் கல்லும் முத்தும் வைத்துக் கனமாகப் போடும் வேலையில் மெஷின் ஆரிக்கு ஈடாகாது. அந்தச் சந்தை ஆரிக்கே உரியது. மெஷின் பூவேலையின் இடம் அன்றாடம் உடுத்தித் துவைக்கிற பருத்தித் துணியில் இருக்கிறது. இரண்டு நூலும் பூட்டிக்கொள்கிற தையல் என்பதால், சங்கிலித் தையலைப் போல ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மடமடவென்று பிரிந்து வராது. எத்தனை முறை துவைத்தாலும் நிற்கும்.

ஆகவே தங்கள் நாளிதழ் மூலமாக மூன்று தரப்பினரிடம் வேண்டுகிறேன். இலவச மெஷின் வழங்கும் துறையினர், பல்லை இறக்கும் திருகு உள்ள மாடலையே வழங்கவும், மெஷினோடு அதன் பயனைத் தமிழில் படத்துடன் விளக்கும் ஒரே ஒரு தாளைச் சேர்த்துத் தரவும் ஏற்பாடு செய்யலாம். செலவு என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மகளிருக்குத் தையல் பயிற்சி நடத்துகிற அமைப்புகள், மூன்று மாத வகுப்பில் கடைசி மூன்று வாரத்தையாவது இதற்கு ஒதுக்கலாம். சொல்லிக்கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்ற தையல் ஆசிரியைகள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், கூப்பிட்டால் வருவோம். துணிக்கடைக்காரர்கள், கைவேலை, கால் மெஷின் வேலை, கம்ப்யூட்டர் வேலை என்று சீட்டில் பிரித்து எழுதலாம். தாங்களும் இனி இப்பொருள் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது வெறுமனே மெஷின் எம்பிராய்டரி என்று போடாமல், எந்த மெஷின் என்பதையும் சேர்த்து எழுதும்படி எழுத்தாளர்களிடம் சொன்னால் என் போன்றவர்களுக்கு அதுவே பெரிய உதவியாக இருக்கும்.

இக்கடிதத்தைப் படித்துவிட்டு இன்றே மெஷினைச் சாய்த்துப் பார்க்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பூவேலை முடிந்ததும் அந்தத் திருகைத் திரும்ப முறுக்கிப் பல்லை மேலே ஏற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் மறுநாள் ஃபால்ஸ் அடிக்கும்போது துணி நகராமல் ஒரே இடத்தில் ஊசி குத்திக்கொண்டிருக்கும், நீங்கள் மெஷின் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள், அவரும் வந்து திருகை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.